சாலைக் கணக்கு - 9: அகலப்படுத்தாமல் விட்ட நெடுஞ்சாலை

மின்சாரக் கார்களைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். அவை மட்டும் போதாது என்று முடிவுகட்டி, சாலை போடும் பணத்திலேயே கைவைத்த ஒரு மாநிலத்தின் கதை இந்த வாரம். அமெரிக்காவின் கொலராடோ.

2019-ல் அந்த மாநிலம் சட்டம் இயற்றி இலக்கு வைத்தது. 2005-ஆம் ஆண்டின் அளவிலிருந்து பசுங்குடில் வாயுக்கள் 2025-க்குள் 26 சதவீதமும், 2030-க்குள் 50 சதவீதமும் குறைய வேண்டும். வாயுக்களை அதிகம் வெளியிடும் துறைகளில் முன்னால் நின்றது போக்குவரத்து. அமெரிக்கச் சாலைகளில் ஓடும் வண்டிகளின் சராசரி வயதோ 12 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. நேற்று வாங்கிய பெட்ரோல் கார் 2030-லும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அப்படியானால் கார்கள் ஓடும் தூரமும் குறைந்தாக வேண்டும்.

நெரிசல் என்றால் இன்னொரு தடம் போடு என்பதுதான் நெடுஞ்சாலைத் துறைகளின் பழைய வைத்தியம். தடம் கூடினால் பேருந்தில் போனவரும் காரை எடுக்கிறார். ஊருக்கு வெளியே வீடு வாங்குகிறார். சில ஆண்டுகளில் சாலை மறுபடி அடைத்துக்கொள்கிறது. ஹூஸ்டன் நகரின் கேட்டி நெடுஞ்சாலை 2008-ல் இணைப்புச் சாலைகளோடு சேர்த்து 26 தடங்கள் வரை விரிந்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே உச்ச நேரப் பயணம் மீண்டும் நீளத் தொடங்கியது.

2021 டிசம்பரில் கொலராடோவின் போக்குவரத்து ஆணையம் ஒரு விதி கொண்டுவந்தது. மாநிலத் துறையும் ஐந்து பெருநகரத் திட்டக் குழுக்களும் தங்கள் நீண்டகாலச் சாலைத் திட்டத்தைக் கணினியில் கணக்கிட்டு, வெளியேற்றம் எவ்வளவு குறையும் என்று காட்ட வேண்டும். குறையாவிட்டால் பேருந்து, நடைபாதை, சைக்கிள் பாதை என்று ஈடுகட்ட வேண்டும். அப்படியும் இலக்கை எட்டாவிட்டால், குறிப்பிட்ட நிதியை வாயுவைக் குறைக்கும் பணிகளுக்கு மட்டுமே செலவிடலாம். இந்தக் கடைசி நிபந்தனையில்தான் விதியின் உயிர் இருக்கிறது.

பலன் மறு ஆண்டே தெரிந்தது. டென்வர் நகரின் நடுவே ஓடும் ஐ-25 நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் யோசனை திட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. சுமார் 90 கோடி டாலர், பேருந்து உள்ளிட்ட பணிகளின் பக்கம் திரும்பியது.

இந்தத் திருப்பம் யாருக்காக என்பதை டென்வரின் கோல்ஃபாக்ஸ் அவென்யூவில் பார்க்கலாம். அங்கே ஓடும் 15-ஆம் எண் பேருந்தில் எப்போதும் கூட்டம். கார் வரிசையில் மாட்டிக்கொண்டு, சிக்னலுக்குச் சிக்னல் நின்றுதான் அது நகரும். சாலையின் நடுத் தடங்களைப் பேருந்துக்கே ஒதுக்கும் வேலை 2024-ல் தொடங்கியது. கார் இல்லாதவரின் நேரத்துக்கும் மதிப்பு உண்டு என்பதை அந்தத் தடங்கள் சொல்கின்றன.

2023-ல் மினசோட்டா மாநிலமும் இதே வழியில் சட்டம் இயற்றியது. இலக்கை நிதியோடு முடிச்சுப் போடாதவரை, எந்த அரசின் பருவநிலைக் கொள்கையும் வெறும் அறிக்கைதான். உங்கள் ஊரில் அடுத்த சாலை விரிவாக்கம் அறிவிக்கப்படும்போது, செலவுக் கணக்கோடு புகைக் கணக்கையும் கேளுங்கள்.

(தொடரும்)