குளிரும் காப்பாற்றாது, மலையும் காப்பாற்றாது!

– மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு

ஆண்டு மலர் என்றாலே கவிதை, துணுக்கு, பிரிவு உபசார நினைவுகள் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பீர்கள். "இவன் என்னடா, காய்ச்சலைப் பத்தி எழுதி வச்சிருக்கான்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இது நம் மலையைப் பற்றிய விஷயம். அதைவிட முக்கியமாக, நம் வயசைப் பற்றிய விஷயம்.

கொடைக்கானல் என்ற ஊர் உண்டானதே ஒரு காய்ச்சலால்தான். மதுரைச் சீமையில் வேலை பார்த்த அமெரிக்க மிஷன் பாதிரிமார்கள் சமவெளி மலேரியாவில் செத்துப் பிழைத்து, 1845-ல் பழனி மலைமேல் ஏறி முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். அப்போது ரோடு கிடையாது. பெரியகுளம் பக்கம் இருந்து ஒற்றையடிப் பாதையில் குதிரையிலோ, ஆள் தூக்கும் நாற்காலியிலோதான் வர வேண்டும். வந்தவர்களுக்கு மலேரியா விட்டது. ஏன்? மலேரியாவைக் கொண்டுவரும் கொசு 7,000 அடிக் குளிரில் பிழைக்காது. அன்று முதல் "மலைக்குப் போனா நோய் அண்டாது" என்ற பேச்சு நம் பக்கத்தில் நிலைத்துவிட்டது. எங்கள் மேல்மலை ஊர்களில் பெரியவர்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஆனால் ஃப்ளூ காய்ச்சலுக்குக் கொசு தேவையில்லை. அதற்கு இன்னொரு மனுசன் போதும். அவன் வத்தலக்குண்டு பஸ்ஸில் டிக்கெட் எடுத்து, காமக்காபட்டி தாண்டி, ஊத்து, பெருமாள்மலை என்று நம் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்து மேலே வந்துவிடுவான்!

சாதாரண ஃப்ளூ வருஷா வருஷம் வருகிறது, போகிறது. நம் உடம்புக்கு அது பழைய பகையாளி, முகம் தெரியும். சில சமயம் மட்டும் யாருக்குமே முகம் தெரியாத புது வைரஸ் கிளம்பும். அது எப்படி என்று கேட்டால், நம் பாஷையில் சொல்கிறேன். ஃப்ளூ வைரஸின் மரபுப் பொருள் எட்டுத் துண்டாக இருக்கிறது. எட்டுப் பாகம் உள்ள ஒரு மெஷின் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பன்றியின் உடம்பில் பறவை வைரஸும் மனித வைரஸும் ஒரே நேரத்தில் புகுந்தால், ஒரே ஒர்க் ஷாப்பில் இரண்டு மெஷினைப் பிரித்துப் போட்ட கதைதான். இதன் பாகம் அதற்கு, அதன் பாகம் இதற்கு என்று மாற்றிப் பூட்டி, இதுவரை இல்லாத மூன்றாவது மெஷின் ஒன்று வெளியே வரும். அது மனுசருக்கு மனுசர் சுலபமாகத் தாவவும் கற்றுக்கொண்டால், அதற்குப் பெயர்தான் உலகளாவிய கொள்ளைநோய்.

1918-ல் வந்ததைத் தாத்தா காலத்தில் விஷ ஜுரம் என்பார்கள். முதல் உலகப் போர்க் கப்பல்களோடு அந்த வருஷம் கோடையில் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கியது. முதல் அலை லேசு. செப்டம்பர், அக்டோபரில் வந்த இரண்டாவது அலை ரயில் பாதைகளைப் பிடித்துக்கொண்டு சென்னை மாகாணம் வரை வந்து வாரிக்கொண்டு போனது. இந்தியாவில் மட்டும் செத்தவர்கள் குறைந்தது 1 கோடியே 20 லட்சம். சில ஆய்வாளர்கள் கணக்கில் 1 கோடியே 70 லட்சத்துக்கும் மேல். நம் நாட்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரலாற்றில் தொகை குறைந்த பத்தாண்டு ஒன்றே ஒன்றுதான் உண்டு: 1911 முதல் 1921 வரை. இதில் நாம் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று. வழக்கமான ஃப்ளூ குழந்தைகளையும் கிழவர்களையும் கொல்லும். 1918-ல் வந்தது 20 முதல் 40 வயது வரை உள்ள வாலிபர்களை ஏராளமாகக் கொன்றது. "நமக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது மாப்ளே" என்று சொல்லக்கூடிய அதே வயசு!

அடுத்த தடவை, 1957-ல், அது நேராக நம் வீட்டு வாசலுக்கே வந்தது. மே மாதம் சிங்கப்பூரில் இருந்து வந்த கப்பல் மூலம் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியது. அந்த வைரஸைப் பிரித்தெடுத்து இன்னதென்று சொன்னவர்கள் வேறு யாருமல்ல, நம்மைப் போலவே ஒரு மலையில் இருந்தவர்கள். நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் இருந்த இன்ஃபுளூயன்சா மையம்தான் அந்த வேலையைச் செய்தது. அந்தச் சுற்றில் அடுத்த ஆண்டு பிப்ரவரிக்குள் நாட்டில் பதிவானவர்கள் மட்டுமே 44 லட்சம் பேர். பதிவான சாவு ஆயிரத்துச் சொச்சம். 1918-ஐ நினைத்தால் இது எவ்வளவோ தேவலை. வைரஸ் சாதுவானதால் தப்பினோம். 1968-லும் அப்படித்தான் தப்பினோம்.

2009-ல் பன்றிக் காய்ச்சல் என்று பேப்பரில் வந்ததே, அந்த வருஷத்து ஒரு கணக்கை மட்டும் மனசில் வையுங்கள். ஏப்ரலில் மெக்சிகோ, அமெரிக்கா பக்கம் வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. மே மாதம் ஹைதராபாத் விமான நிலையத்தில் முதல் நோயாளி. ஆகஸ்டில் பூனாவில் ஒரு பள்ளி மாணவியின் மரணம், இந்தியாவின் முதல் பலி. இந்தியாவிலேயே தயாரான தடுப்பூசி கடைக்கு வந்தது எப்போது? 2010 ஜூன்! அதற்கு இரண்டு மாதம் கழித்து, ஆகஸ்ட் 10-ம் தேதி, உலக சுகாதார நிறுவனம் கொள்ளைநோய் முடிந்தது என்றே அறிவித்துவிட்டது. அதாவது ஊசி வருவதற்குள் கூத்து முடிந்துவிட்டது. 2020 கொரோனாவில் விஞ்ஞானிகள் அசுர வேகத்தில் வேலை செய்தார்கள், உண்மை. அப்போதும் நம் நாட்டில் முதல் ஊசி போட்டது 2021 ஜனவரி 16-ல்தான். ஆகவே புது வைரஸ் வந்தால் முதல் பல மாதங்கள் நம் கையில் இருப்பது காற்றும், தூரமும், சோப்பும், மாஸ்க்கும்தான்.

காற்றைப் பற்றித்தான் மலைக்காரர்கள் யோசிக்க வேண்டும். நாம் குளிருக்குப் பயந்து செய்யும் முதல் வேலை ஜன்னலைச் சாத்துவது. ஹாஸ்டலில் சாத்துகிறோம், வீட்டில் சாத்துகிறோம், பஸ்ஸில் சில்வர் காஸ்கேட் வந்ததுமே "ஷட்டரை இறக்குப்பா" என்று ஆளாளுக்குக் கத்துகிறோம். ஃப்ளூக்காரன் இருமும்போது மட்டுமல்ல, பேசும்போதும் கண்ணுக்குத் தெரியாத துளிகள் வெளியே வரும். பெரிய துளி ஒன்றிரண்டு மீட்டருக்குள் விழுந்துவிடும். சின்னத் துளி காற்றிலேயே மிதக்கும். மூடிய அறையில் மிதந்துகொண்டே இருக்கும்.

கால்குலேட்டரை எடுங்கள். நம் ஹாஸ்டல் அறை 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்று வையுங்கள். கன அளவு 36 கன மீட்டர். ஆளுக்கு வினாடிக்கு 10 லிட்டர் புதுக் காற்று வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நாலு பேருக்கு 40 லிட்டர். மணிக்கு 144 கன மீட்டர். 144-ஐ 36-ஆல் வகுத்தால் 4. அதாவது மணிக்கு நாலு தடவை அறைக் காற்று முழுக்க மாற வேண்டும். அப்படி மாறினால் மிதக்கும் துளிகளில் 95 சதவீதம் முக்கால் மணி நேரத்தில் வெளியேறிவிடும். ஜன்னல், கதவு எல்லாம் சாத்திய அறையில் ஒரு தடவை மாறினாலே அதிசயம். ஜன்னல் ஒரு பக்கம், எதிர்ப்பக்கம் கதவோ வென்டிலேட்டரோ ஒரு சாண் திறந்திருந்தாலே நிலைமை எவ்வளவோ மாறும். குளிருமே என்றால் ஸ்வெட்டரைப் போடுங்கள், கம்பளியை இழுத்துப் போர்த்துங்கள். சிவில்காரனாக இருந்தும் இந்தக் கணக்கை எந்தப் பரீட்சையிலும் என்னிடம் யாரும் கேட்டதில்லை!

மலையின் இரண்டாவது வில்லங்கம் மெல்லிய காற்று. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 1,013 மில்லிபார். கொடைக்கானல் உயரத்தில், அதாவது சுமார் 2,100 மீட்டரில், ஏறத்தாழ 780. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. இங்கேயே பிறந்து வளர்ந்த உடம்பு இதற்குப் பழகியிருக்கும். ஆனால் ஃப்ளூ முற்றி நிமோனியாவாகி நுரையீரலில் சளி கோத்துக்கொண்டால், மதுரையில் இருப்பவனுக்குக் கையிருப்பு கொஞ்சம் இருக்கும். மன்னவனூரில் இருப்பவனுக்கு அது ஏற்கனவே குறைவு. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் மலைமேல் நல்ல உடம்புக்காரனுக்கே ஒன்றிரண்டு புள்ளி குறைத்துக் காட்டலாம். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். ஆனால் நோயாளிக்கு அது 93, 92 என்று இறங்க ஆரம்பித்தால் "நாளைக்குப் பார்ப்போம்" என்ற பேச்சே கூடாது. மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, உதடு நீலம் பாய்வது, பிதற்றல் எல்லாமே அபாய அறிகுறி. எல்லாவற்றையும்விட நம்மை ஏமாற்றுவது, காய்ச்சல் விட்டு இரண்டு நாள் தெளிவாக இருந்துவிட்டு மறுபடி உடம்பு கொதிப்பது. 1918-ல் ஏராளமானோரைக் கொன்றது வைரஸுக்குப் பின்னால் புகுந்த பாக்டீரியா நிமோனியாதான்.

கவுஞ்சி, பூண்டி பக்கம் இருந்து கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு வளைந்து வளைந்து வர இரண்டு மணி நேரம் ஆகலாம். வட்டக்கானலுக்குக் கீழே இருக்கும் வெள்ளகவி மக்களோ, ரோடு இல்லாமல் நெடுங்காலம் நோயாளியை டோலி கட்டித் தோளில் சுமந்தே வந்தவர்கள். ஆகவே சமவெளிக்காரன் மூன்றாம் நாள் எடுக்கும் முடிவை மலைக்காரன் இரண்டாம் நாளே எடுக்க வேண்டும். ஃப்ளூவுக்கு மருந்தே இல்லை என்பதும் தப்பு. ஒசல்டாமிவிர் என்ற மாத்திரை இருக்கிறது. காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும், டாக்டர் எழுதித் தர வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் "அண்ணே, ஜுரத்துக்கு ஒரு செட் குடுங்க" என்று வாங்கும் ஆன்ட்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. ஜுரத்துக்குப் பாராசிட்டமால் போதும். நம் வயசுப் பிள்ளைகளுக்கு ஃப்ளூ சமயத்தில் ஆஸ்பிரின் கூடவே கூடாது; மூளையையும் ஈரலையும் தாக்கும் ஒரு கோளாறு அதனால் வரக்கூடும். கசாயம், கபசுரக் குடிநீர் குடிக்கலாமா? சூடாகத் தொண்டைக்கு இதமாக இருந்தால் தாராளமாகக் குடியுங்கள். "அதான் குடிச்சாச்சே, மாஸ்க் எதுக்கு?" என்றுமட்டும் கேட்காதீர்கள்.

மலையையே மூடிவிட்டால் என்ன? நல்ல கேள்வி. 1918-ல் பசிபிக் கடலில் அமெரிக்க சமோவா என்ற தீவின் கவர்னர் ஜான் பாயர் துறைமுகத்தை அடைத்தார். அங்கே ஃப்ளூ சாவு ஒன்றுகூட இல்லை. பக்கத்திலேயே மேற்கு சமோவா ஒரே ஒரு கப்பலை உள்ளே விட்டது. ஜனத்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது! 2020-ல் நம் மலைக்கும் இ-பாஸ் போட்டார்கள், செக்போஸ்டில் நிறுத்தினார்கள். ஆனால் நாம் தீவு இல்லை. கேரட்டும் பூண்டும் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு இறங்கியே ஆக வேண்டும். அரிசி ஏறியே ஆக வேண்டும். சீசன் இல்லாவிட்டால் படகுக்காரன், குதிரைக்காரன், காட்டேஜ் வேலைக்காரன் வீட்டில் அடுப்பு எரியாது. பழனியில் தைப்பூசக் கூட்டத்தை எத்தனை நாள் நிறுத்த முடியும்? என் அபிப்பிராயம், ரோட்டை மூடுவது நாள் கடத்தத்தான் உதவும். ஊசி வரும்வரை நாள் கடத்துவதும் லாபம்தான். ஆனால் அந்த நாளில் நாம் தயாராகவில்லை என்றால் மூடியும் பிரயோஜனமில்லை.

தயாராவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து, மரம் விழுந்து, ரோடு அடைத்து, கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அதற்குப் பிறகு நம் வீட்டு அம்மாக்கள் ஐப்பசிக்கு முன்பே அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், மெழுகுவர்த்தி சேர்ப்பதை நிறுத்தவில்லை. அந்தச் சாமான்களோடு ஒரு தெர்மாமீட்டர், பாராசிட்டமால் அட்டை, உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம், சோப்பு, ஆளுக்குச் சில மாஸ்க். அவ்வளவுதான். சோப்பு எதற்கு என்றால், ஃப்ளூ வைரஸுக்கு மேலே கொழுப்பு உறை. சோப்பு நுரை பட்டால் அது கிழிந்துவிடும். பஸ் கம்பி மாதிரி வழவழப்பான இரும்பில் வைரஸ் ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு இருக்கும். அந்தக் கம்பியைப் பிடித்த கையால்தான் நாம் மூக்கைத் தேய்க்கிறோம்.

ஹாஸ்டலுக்கு இன்னும் ஒன்று வேண்டும். காய்ச்சல்காரனுக்கென்று தனியாக ஒரு அறை, அவனுக்குச் சாப்பாடு கொண்டு போக மாஸ்க் போட்ட ஒரே ஒரு ஆள். யார் அந்த ஆள் என்று முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். ஃப்ளூ காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே ஒட்டும், அதன்பின் ஐந்தாறு நாள் ஒட்டும். அந்த நாட்களில் அவன் பஸ் ஏறி ஊருக்குப் போனால் பஸ்ஸுக்கும் கொடுப்பான், வீட்டில் இருக்கும் பாட்டிக்கும் கொடுப்பான். "அட்டென்டன்ஸ் போயிடும்" என்று ஜுரத்தோடு லேபுக்கு வருபவர்கள் ஒரு பேட்ச் முழுவதையும் படுக்க வைப்பார்கள். அட்டென்டன்ஸ் விஷயத்தில் மாணவர் சங்கம் நிர்வாகத்திடம் பேசி ஒரு வழி செய்தால் அதுவே பாதித் தடுப்பு மருந்து.

வருஷா வருஷம் வரும் ஃப்ளூவுக்கு ஊசி இருக்கிறது. நம் மாநிலத்தில் அது மழைக்காலத்தில் கூடுகிறது, ஆகவே செப்டம்பருக்குள் போடுவது நல்லது. பெரும்பாலும் தனியார் ஆஸ்பத்திரியில் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். வீட்டில் ஆஸ்துமா, சர்க்கரை உள்ளவர்களோ, கர்ப்பிணிகளோ, வயசானவர்களோ இருந்தால் முதலில் அவர்களுக்கு. புதுக் கொள்ளைநோயை இது தடுக்கும் என்று சொல்ல முடியாது.

கடைசியாக, நாமக்கல் முட்டையை நம்பி வாழும் மெஸ் நண்பர்களின் கேள்வி: "பறவைக் காய்ச்சல் வந்தா ஆம்லெட்டை விட்டுடணுமா?" 1997-ல் ஹாங்காங்கில் முதன்முதலாக மனிதரைத் தாக்கிய அந்த வைரஸ் 2006-ல் மகாராஷ்டிரத்து நவாப்பூர் கோழிப்பண்ணைகளுக்கு வந்தது, 2024-ல் அமெரிக்காவில் கறவை மாடுகளுக்கும் பரவிவிட்டது. மனிதருக்கு அபூர்வமாகத்தான் தொற்றுகிறது. ஆனால் 2003 முதல் தொற்றியதாகப் பதிவானவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் இறந்திருக்கிறார்கள். விஞ்ஞானிகள் அதன்மேல் ஒரு கண் வைத்திருப்பது அதனால்தான். செத்த கோழியையும் காக்கையையும் வெறும் கையால் தொடாதீர்கள், கால்நடை ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள். நன்றாக வெந்த முட்டையில் வைரஸ் பிழைக்காது. 70 டிகிரி சூடு உள்வரை ஏறினால் போதும். ஆகவே ஆம்லெட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் போடச் சொல்லிச் சாப்பிடுங்கள். ஹாஃப் பாயில் மட்டும் அந்தச் சமயத்தில் வேண்டாம்.