கொடும்பாளூர் வழியே போன கண்ணகி

விராலிமலைப் பக்கம் போனால் கொடும்பாளூர் மூவர் கோவிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அந்த ஊர்க் குளத்தருகேதான் மதுரைப் பாதை சூலம்போல மூன்றாகப் பிரியும் என்கிறது சிலப்பதிகாரம். மாதவி வீட்டில் பொருளைத் தொலைத்துத் திரும்பிய கோவலன், கண்ணகியின் சிலம்பை முதலாக வைத்துப் பிழைக்கக் கிளம்பிய வழி இது. சோழநாட்டுப் பெண்ணுக்கு மதுரை வெளிநாடுதானே!

புகாரில் தனித்துக் கிடந்த நாட்களில், மாமனார் மாமியார் முன் சோகத்தை மறைத்துச் சிரித்தவள் கண்ணகி. வழியில் ஐயை கோட்டத்தில் சாலினி சாமியாடிப் புகழ்ந்தபோதுகூட, கூச்சப்பட்டுக் கணவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

அந்த முதுகும் மதுரையில் இல்லாமல் போனது. உறவென்று யாருமில்லாத ஊரில், பாண்டியன் முன் தனியாக நின்றாள். தன் ஊரையும் பெயரையும் தானே சொன்னாள். சிலம்பை உடைத்தாள். அரசியின் சிலம்பில் முத்து, தெறித்ததோ மாணிக்கம்!