ஷட்டர் கவுண்ட்: பல்லைப் பார்த்து மாடு வாங்குவது போல

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு புலிக்குத்திக்கல்லைப் படம் எடுக்கப் போயிருந்தேன். எழுத்து ரொம்பத் தேய்ந்த கல். சாயங்கால வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழுகிற இருபது நிமிஷம் மட்டும் எழுத்தின் பள்ளத்தில் நிழல் நிற்கும். அப்போது எடுத்தால்தான் படிக்க முடியும். நாலு படம் எடுத்தேன். ஐந்தாவதில் சத்தம் பாதியில் நின்றது. ஷட்டர் திரை சிக்கிக்கொண்டது.

அடுத்த மாதம் வேறு கேமராவோடு போனபோது, கோயில் திருப்பணியில் அந்தக் கல்லுக்கு எனாமல் பெயின்ட் அடித்திருந்தார்கள். பள்ளமெல்லாம் பெயின்ட். என்னிடம் இருப்பது அந்த நாலு படந்தான். அதில் இரண்டு வரி தேறும்.

அது செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேமரா. விற்றவர், “நாலாயிரத்துச் சொச்சந்தானுங்கண்ணா ஓடியிருக்குது” என்று ஃபைல் பெயரில் இருந்த எண்ணைக் காட்டினார். நானும் நம்பினேன். ஃபைல் எண் 9999 வந்ததும் மறுபடி 0001-இல் தொடங்கும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. கேமரா நின்றபின் அதே படத்தை சாஃப்ட்வேரில் போட்டுப் பார்த்தால் 1,34,000-ஐத் தாண்டியிருந்தது. வாங்கும் முன்பே செய்திருக்க வேண்டிய இரண்டு நிமிஷ வேலை.

எதை எண்ணுகிறோம்?

சென்சாருக்கு முன்னால் மெல்லிய தகடுகளால் ஆன இரண்டு திரைகள் இருக்கின்றன. முதல் திரை திறக்கும், இரண்டாவது மூடும். வேகம் கூடினால் முதல் திரை முழுசாகத் திறக்கும் முன்பே இரண்டாவது கிளம்பிவிடும். ஒரு கீற்று மட்டும் சென்சார் மேல் ஓடும். 1/4000 நொடியில் அந்தக் கீற்று மிகக் குறுகியது. ஸ்பிரிங், காந்தம், திரையை நிறுத்தும் பிரேக், எல்லாமே ஒவ்வொரு படத்துக்கும் அடி வாங்கும். டிஎஸ்எல்ஆரில் கண்ணாடியும் கூடவே எழும்பி விழும்.

தயாரிப்பாளர்கள் இத்தனை முறைக்குச் சோதித்தோம் என்று ஓர் எண் தருவார்கள். நிக்கான் டி5300-க்கு 1,00,000. டி7200-க்கும் கேனான் 5டி மார்க் 3-க்கும் 1,50,000. டி850-க்கு 2,00,000. நிக்கான் டி5-க்கு 4,00,000. இது காலாவதித் தேதி இல்லை. இதைத் தாண்டியும் ஓடும், முன்னாலேயும் நிற்கும்.

எண்ணின் அளவு புரிய ஒரு கணக்கு: இணைச்சீரிலிருந்து பந்தி வரை ஒரு கல்யாணத்துக்கு 3,000 படம் என்று வைத்தால், 50 கல்யாணத்தில் 1,50,000. சுறுசுறுப்பான ஸ்டுடியோவுக்கு அது ஓரிரு வருஷ வேலை. சிங்காநல்லூர் குளத்தில் பறவைக்குத் தொடர் ஓட்டமாக, நொடிக்கு 6 படம் வீதம் அழுத்துகிறவருக்கும் சீக்கிரம் ஏறும்.

எப்படிப் பார்ப்பது?

நிக்கான், பென்டாக்ஸ் கேமராக்கள் இந்த எண்ணை ஒவ்வொரு படத்தின் உள்ளேயும் எழுதி வைக்கின்றன. ஃபில் ஹார்வி எழுதிய எக்சிஃப்டூல் என்ற இலவச சாஃப்ட்வேரில் படத்தைப் போட்டால் ‘ஷட்டர் கவுண்ட்’ என்ற வரியில் வந்துவிடும். சோனியின் பல மாடல்களில் அந்தப் பகுதி மறைகுறியாக்கப்பட்டிருந்தாலும் எக்சிஃப்டூல் பிரித்துப் படித்துவிடும்.

கேனானின் பெரும்பாலான டிஎஸ்எல்ஆர்களில் படத்துக்குள் தேடிப் பயனில்லை. யூஎஸ்பி கேபிளில் இணைத்துக் கேமராவிடமே கேட்க வேண்டும். லினக்ஸில் ஜிபோட்டோ2 பல மாடல்களுக்கு இதைச் செய்யும்.

கேமராவிலிருந்து நேராக வந்த படமாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் இந்தத் தகவல் அழிந்துவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். அதைவிட, உங்கள் கார்டை எடுத்துப்போய் நீங்களே ஒரு படம் எடுப்பது மேல். மிரர்லெஸ்ஸில் எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் திரை அசையாது. டி850, இசட் வரிசை போன்றவற்றில் மெக்கானிக்கல் எண்ணிக்கை தனி வரியாக இருக்கும், அதைப் பாருங்கள்.

எண் சொல்லாதது

அந்தியூர் சந்தையில் மாட்டின் வாயைத் திறந்து ரெண்டு பல்லா நாலு பல்லா என்று பார்ப்பார்கள். பல் வயசைச் சொல்லும். நடை எப்படி என்று அறிய நடக்கவிட்டுத்தான் பார்க்கணும். இங்கேயும் அதேதான். வீடியோ எடுத்த மணிநேரங்கள் இந்த எண்ணில் ஏறாது. ஷட்டர் மாற்றிய கேமராவில் எண் பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருக்கலாம். எட்டு வருஷம் பீரோவில் கிடந்து 3,000 மட்டுமே ஓடிய கேமராவில் ரப்பர் பிசுபிசுத்து, லென்ஸில் பூஞ்சை பிடித்திருக்கலாம். 2012-இல் வந்த நிக்கான் டி600-இல் புதிதிலேயே சென்சாரில் புள்ளிகள் விழ, 2014-இல் நிறுவனமே இலவசமாக ஷட்டர் மாற்றித் தந்தது.

அதனால் நான் செய்யும் நடைச் சோதனை:

1. பகல் வெளிச்சத்தில் வெள்ளைச் சுவரை, வெளிச்ச அளவு மாறாமல், 1/60 முதல் உச்ச வேகம் வரை எடுங்கள். எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும். வேகம் கூடும்போது ஒரு ஓரத்தில் இருட்டுப் பட்டை விழுந்தால் திரை தளர்ந்துவிட்டது. கடைக்குள் இதைச் செய்யாதீர்கள்: நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் டியூப் லைட் நொடிக்கு 100 முறை மினுக்கும், நல்ல ஷட்டரிலும் பட்டை தெரியும்.

2. எஃப்/16-இல் வானத்தை ஃபோகஸ் இல்லாமல் எடுங்கள். தூசி என்றால் துடைக்கலாம். துடைத்தும் திரும்பி வரும் புள்ளி என்றால் எண்ணெய்.

3. முப்பது படம் தொடர்ச்சியாக அழுத்தி, சத்தம் ஒரே தாளத்தில் வருகிறதா என்று கேளுங்கள்.

4. லென்ஸ் மவுன்ட், ஃப்ளாஷ் மாட்டும் இடம், கட்டைவிரல் படும் ரப்பர் ஆகியவற்றின் தேய்மானம் சொல்லப்பட்ட எண்ணோடு பொருந்துகிறதா பாருங்கள். 4,000 படத்தில் ஃப்ளாஷ் மாட்டும் இடம் வெளுக்காது. என் கேமராவில் வெளுத்திருந்தது, பார்த்தேன், யோசிக்கவில்லை.

எண் அதிகம் என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. ஷட்டர் மாற்ற என்ன ஆகும் என்று சர்வீஸ் சென்டரில் முன்பே விசாரித்து, அதைக் கழித்து விலை பேசுங்கள். நான் இப்போது வைத்திருப்பதும் 90,000 தாண்டிய பழைய கேமராதான். கல்வெட்டுக்குக் கிளம்பும் முந்தின நாள் சுவர்ச் சோதனை செய்துவிட்டு, பையில் இன்னொரு சின்னக் கேமராவும் போட்டுக்கொள்கிறேன்.