மெடல் உண்டு, பணம் இல்லை

ஒரு காலத்தில் ஆண்டுதோறும் செப்டம்பர் 26 நெருங்கினால் இந்திய ஆய்வுக்கூடங்களில் ஒருவித பரபரப்பு தொற்றிக்கொண்டது. சி.எஸ்.ஐ.ஆர். தொடங்கப்பட்ட நாள் அது. சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு யாருக்கு என்பது அன்றுதான் தெரியவந்தது. 2022இல் அந்த நாள் வந்தது, போனது. பட்டியல் வரவில்லை. 12 பேரின் பெயர்கள் வெளியாக அடுத்த ஆண்டு செப்டம்பர் ஆகிவிட்டது.

பரிசுக்குப் பெயர் தந்த பட்நாகர் சாதாரண ஆள் அல்ல. 1894இல் பேரா என்ற ஊரில் (இன்று பாகிஸ்தானில் இருக்கிறது) பிறந்த ரசாயன விஞ்ஞானி. உருதுவில் கவிதை எழுதுவார். லாகூரில் பேராசிரியராக இருந்தபோது ஒரு எண்ணெய்க் கம்பெனி அவரிடம் வந்தது. துளையிடப் பயன்படும் சேறு, பூமிக்கடியில் உப்பைத் தொட்டதும் இறுகிப்போய் வேலை நின்றுவிடுகிறது. பட்நாகர் ஒருவகைப் பிசினைக் கலக்கச் சொன்னார், சேறு இளகியது. மகிழ்ந்துபோன கம்பெனி ஒன்றரை லட்ச ரூபாய் கொடுத்தது. அந்தக் காலத்தில் அது பெரும் பணம். அவரோ அதைப் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டார்.

1942இல் உருவான சி.எஸ்.ஐ.ஆரின் முதல் தலைவர் அவர்தான். நேருவின் ஆதரவோடு தேசிய ஆய்வுக்கூடங்களை வரிசையாகக் கட்டியெழுப்பினார். 1955 புத்தாண்டு தினத்தில் காலமானார். இரண்டே ஆண்டுகளில் அவர் பெயரில் பரிசு ஏற்படுத்தப்பட்டது. 1958இல் முதல் பரிசு பெற்றவர், ராமன் விளைவு ஆராய்ச்சியில் ராமனுக்குத் தோள்கொடுத்த கே.எஸ். கிருஷ்ணன். அப்போது அவருக்கு வயது 59! 45 வயது வரம்பு பிறகு வந்தது. ஓய்வுபெறப் போகிறவருக்குச் சால்வை போர்த்துவதல்ல நோக்கம். இந்தியாவிலேயே அண்மையில் செய்த வேலைக்காக, இன்னும் இருபது ஆண்டு உழைக்கக்கூடியவரைத் தட்டிக்கொடுப்பது.

ஜி.என். ராமச்சந்திரன், விக்ரம் சாராபாய், சி.என்.ஆர். ராவ் என்று பட்டியல் பிரமிக்க வைக்கும். ஒரு உறுத்தலும் உண்டு. 1961இல் அசிமா சாட்டர்ஜி பெற்ற பிறகு, அடுத்த பெண்ணுக்கு (அர்ச்சனா சர்மா) 14 ஆண்டுகள் பிடித்தன. கணிதத்தில் முதல் பெண் ஆர். பரிமளா, 1987இல். 2022க்கான 12 பேரில் ஒரு பெண்கூட இல்லை.

பரிசுத் தொகை 5 லட்ச ரூபாயாக இருந்தது. அதைவிட முக்கியம், 65 வயதுவரை மாதாமாதம் வந்த 15,000 ரூபாய். பேராசிரியர் வீட்டில் அது சின்ன விஷயமல்ல.

அரசுத் துறைகள் தனித்தனியே தரும் விருதுகள் மலிந்துவிட்டன, குறைக்க வேண்டும் என்று மத்திய அரசு முடிவெடுத்ததுதான் தாமதத்தின் பின்னணி. 2023 செப்டம்பரில் ராஷ்ட்ரிய விஞ்ஞான் புரஸ்கார் அறிவிக்கப்பட்டது. பட்நாகர் பெயர் அதன் இளைஞர் பிரிவில் மட்டும் ஒட்டிக்கொண்டது. மெடலும் சான்றிதழும் உண்டு, பணம் கிடையாது. 2024 ஆகஸ்ட் 22 அன்று ராஷ்டிரபதி பவனில் முதல் விருதுகள் தரப்பட்டபோது இப்பிரிவில் 18 பேர். தேர்வு எப்படி நடந்தது என்று விளக்கம் கேட்டு விஞ்ஞானிகள் பலர் அரசுக்குக் கடிதம் எழுதினார்கள். அவர்களில் பழைய பட்நாகர் பரிசுக்காரர்களும் இருந்தார்கள்.

அதே மேடையில் மிக உயரிய விஞ்ஞான் ரத்னா விருது பெற்றவர், பெங்களூரின் உயிர்வேதியியல் விஞ்ஞானி ஜி. பத்மநாபன். 1983இலேயே பட்நாகர் பரிசு வாங்கியவர்.