வானூர்தி நிலைய ஓய்வுக்கூடங்களில் விருந்தினர் அனுமதி

வானூர்தி நிலைய ஓய்வுக்கூடம் (பேச்சு வழக்கில் லவுஞ்ச்) என்பது, புறப்பாட்டுக்குக் காத்திருக்கும் பயணிகளில் ஒரு பகுதியினருக்கு மட்டும் இருக்கை, உணவு, கழிவறை, கம்பியில்லா இணையம் முதலிய வசதிகளை அளிக்கும் தனி அறை ஆகும். இதனுள் செல்லும் உரிமை பெற்ற ஒருவர் தம்முடன் வேறொருவரை அழைத்துச் செல்லலாமா, எத்தனை பேரை, எந்தக் கட்டணத்தில் என்பனவற்றை வரையறுக்கும் விதிகள் விருந்தினர் அனுமதி விதிகள் எனப்படுகின்றன. இவ்விதிகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடுவதோடு அடிக்கடி திருத்தவும் படுவதால், வாயிலில் திருப்பி அனுப்பப்படும் பயணிகளின் மனக்குறைக்கு இவை முதன்மையான காரணமாக உள்ளன.

தமிழில் விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்பதே பழைய பொருள். முன்பின் அறியாது புதிதாக வருபவரே விருந்தினர். ஓய்வுக்கூட விதிகளிலோ உடன் பயணம் செய்யும் தாய், தந்தை, மனைவி, பிள்ளை ஆகிய அனைவரும் விருந்தினரே. குழப்பத்தின் பெரும்பகுதி இங்குதான் தொடங்குகிறது எனலாம்.

தோற்றம்

முதல் ஓய்வுக்கூடமாகக் கருதப்படுவது அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் 1939ஆம் ஆண்டில் நியூயார்க்கின் லாகார்டியா வானூர்தி நிலையத்தில் திறந்த அட்மிரல்ஸ் கிளப் ஆகும். தொடக்கத்தில் நிறுவனத்தின் அழைப்பைப் பெற்றவர்கள் மட்டுமே உள்ளே செல்ல முடிந்தது. இது பாகுபாடு என்று எதிர்ப்பு எழுந்த பின்னரே, கட்டணம் செலுத்தும் எவரும் உறுப்பினராகலாம் என்ற முறை வந்தது. 1981இல் அதே நிறுவனம் அடிக்கடி பறப்போருக்கான புள்ளித் திட்டத்தைத் தொடங்கியது. பிற நிறுவனங்களும் அதைப் பின்பற்றின. இதன் பின்னர் பயணச்சீட்டின் வகுப்பு, உறுப்பினரின் தகுதிநிலை என இரு வேறு வழிகளில் நுழைவுரிமை கிடைக்கலாயிற்று.

வகுப்பும் தகுதிநிலையும்

ஸ்டார் அலையன்ஸ் (1997), ஒன்வேர்ல்டு (1999) ஆகிய கூட்டணிகளின் பொது விதிகளில் ஒரு வியப்பான கூறு உண்டு. வணிக வகுப்புச் சீட்டு வாங்கியவர் தனியாக மட்டுமே உள்ளே செல்லலாம். விருந்தினரை அழைக்க இயலாது. ஆனால் கூட்டணியின் உயர் தகுதிநிலை பெற்ற உறுப்பினர் (ஸ்டார் அலையன்சில் கோல்டு, ஒன்வேர்ல்டில் சபையர், எமரால்டு) சாதாரண வகுப்பில் பயணம் செய்தாலும் ஒருவரை உடன் அழைத்துச் செல்லலாம். அந்த விருந்தினரும் அதே கூட்டணியின் வானூர்தியில் புறப்படுபவராக இருத்தல் வேண்டும். பல மடங்கு விலை கொடுத்துச் சீட்டு வாங்கியவருக்கு இல்லாத உரிமை குறைந்த விலைச் சீட்டுக்காரருக்கு இருப்பது முரணாகத் தோன்றலாம். சீட்டு என்பது ஒருமுறை விற்பனை. தகுதிநிலையோ ஆண்டுக்கணக்கான வாடிக்கைக்கு நிறுவனம் அளிக்கும் கைம்மாறு. இந்த வேறுபாட்டை அறிந்தால் விதி விளங்கும். எனினும் வாயிலில் நிற்பவருக்கு அது ஆறுதல் தராது என்பது வேறு.

ஏர் இந்தியா 2014 சூலையில் ஸ்டார் அலையன்சிலும், சிறீலங்கன் ஏர்லைன்ஸ் அதே ஆண்டு மே மாதத்தில் ஒன்வேர்ல்டிலும் இணைந்தன. சென்னையிலிருந்து பறக்கும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், லுப்தான்சா ஆகியன ஸ்டார் அலையன்சையும், பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஒன்வேர்ல்டையும் சேர்ந்தவை.

இந்தியாவில் அட்டைவழி நுழைவு

இந்தியாவில் நிலைமை வேறு. 2003இல் ஏர் டெக்கான் தொடங்கிவைத்த குறைந்த கட்டணப் பயணமே பின்னர் உள்நாட்டுச் சந்தையின் பெரும்பகுதியானது. இத்தகைய நிறுவனங்கள் தம் பயணிகளுக்கு ஓய்வுக்கூடம் நடத்துவதில்லை. அந்த வெற்றிடத்தை வங்கிகள் நிரப்பின. கடன் அட்டையோ பற்று அட்டையோ வாங்கினால் காலாண்டுக்கு ஒன்றிரண்டு முறை ஓய்வுக்கூட நுழைவு இலவசம் என்பது அட்டை விற்பனையின் முக்கியக் கவர்ச்சி ஆயிற்று.

வாயிலில் அட்டையைத் தேய்த்ததும் பொதுவாக 2 ரூபாய் கழிக்கப்படும். இது அட்டை செல்லுபடியாவதைச் சரிபார்க்க மட்டுமே. உண்மையான தொகையை, தலைக்கு இவ்வளவு என்ற கணக்கில், வங்கியோ அட்டை வலையமைப்போ ஓய்வுக்கூடத்தை நடத்தும் நிறுவனத்துக்குச் செலுத்துகிறது. உணவு எவ்வளவு உண்டார், எவ்வளவு நேரம் இருந்தார் என்பதல்ல, எத்தனை தலைகள் என்பதே கணக்கு. ஆகவே ஒரு விருந்தினர் என்றால் செலவு சரியாக இரு மடங்கு. இந்திய அட்டைகளில் பெரும்பாலானவை விருந்தினருக்கு இலவச நுழைவு தராமைக்கு இதுவே காரணம் ஆகும். 1992இல் தொடங்கப்பட்ட பிரயாரிட்டி பாஸ் திட்டத்தின் அட்டையை வங்கி இலவசமாகக் கொடுத்திருந்தாலும் விருந்தினருக்கான கட்டணம் பின்னர் அட்டைக் கணக்கில் ஏறும். நெடுங்காலம் 27 அமெரிக்க டாலராக இருந்த இக்கட்டணம் பின்னர் உயர்த்தப்பட்டது. கட்டணம் இல்லை என்று எண்ணி நான்கு பேருடன் உள்ளே சென்றவர், அடுத்த மாதப் பட்டியலைக் கண்டே உண்மையை அறிகிறார்.

2020 மார்ச்சில் 6 கோடிக்கும் குறைவாக இருந்த கடன் அட்டைகளின் எண்ணிக்கை 2024 தொடக்கத்தில் 10 கோடியைக் கடந்தது. கூடங்களின் பரப்பு அதே அளவில் வளரவில்லை. வாயில்களில் வரிசை நீண்டது. வங்கிகள் செலவு வரம்பை விதித்தன: ஐசிஐசிஐ வங்கி 2024 ஏப்ரல் முதல் பல அட்டைகளுக்கு முந்தைய காலாண்டில் 35,000 ரூபாய் செலவிட்டிருக்க வேண்டும் என்றது. ஆக்சிஸ் வங்கி அதே ஆண்டு மே முதல் சில அட்டைகளுக்கு முந்தைய மூன்று மாதங்களில் 50,000 ரூபாய் என்று வரையறுத்தது. இதனால் சென்ற பயணத்தில் செல்லுபடியான அட்டை இந்தப் பயணத்தில் மறுக்கப்படுவது இயல்பாயிற்று.

வங்கிகளுக்கும் ஓய்வுக்கூடங்களுக்கும் இடைநின்ற டிரீம்போக்ஸ் நிறுவனம் 2022இல் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. 2024 செப்டம்பரில் அதன் சேவை பல நிலையங்களில் திடீரெனத் தடைப்பட்டது. கூடங்களை நடத்துவோர் வங்கிகளுடன் நேரடி ஒப்பந்தம் செய்துகொள்ளத் தொடங்கியதை அடுத்து, 2025 செப்டம்பரில் அந்நிறுவனம் உள்நாட்டு ஓய்வுக்கூடச் சேவையை நிறுத்திக்கொண்டது.

சென்னைப் புறநகர்ப் பயணிகள்

மீனம்பாக்கத்தில் உள்ள சென்னைப் பன்னாட்டு வானூர்தி நிலையத்தை இந்திய வானூர்தி நிலையங்கள் ஆணையம் நடத்துகிறது. புதிய பன்னாட்டு முனையக் கட்டடம் 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மேற்குப் புறநகர்களில் இருந்து வருவோர் மதுரவாயல் புறவழிச்சாலையையோ, கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூரில் மாறிச் செல்லும் மெட்ரோ தொடர்வண்டியையோ பயன்படுத்துகின்றனர். நள்ளிரவுக்குப் பின்னும் விடியற்காலையிலும் புறப்படும் பன்னாட்டு வானூர்திகள் பல. மெட்ரோ இரவில் ஓடுவதில்லை. எனவே போக்குவரத்து நெரிசலுக்கு அஞ்சி முன்னிரவிலேயே வாடகை வண்டியில் புறப்படும் குடும்பங்கள் முனையத்தில் நான்கைந்து மணி நேரம் காத்திருக்க நேர்கிறது. வயதான பெற்றோருக்கு ஓய்வுக்கூடம் ஆடம்பரமன்று, தேவை.

எடுத்துக்காட்டாக, ஆவடியில் இருந்து பெற்றோரைச் சிங்கப்பூருக்கு அழைத்துச் செல்லும் ஒரு பொறியாளரை எடுத்துக்கொள்வோம். அவரது அட்டைக்கு ஒருவருக்கு மட்டுமே அனுமதி. தம் உரிமையைத் தாய்க்கு மாற்றித் தர விதி இடம் தராது. அட்டையில் உள்ள பெயரும் பயணச்சீட்டில் உள்ள பெயரும் ஒத்திருக்க வேண்டும். பெரியவர்கள் வெளியே நாற்காலியில் அமர்ந்திருக்கத் தாம் மட்டும் உள்ளே சென்று உண்பது நம் குடும்ப வழக்கத்துக்கு ஒவ்வாதது. ஆகவே உரிமை உள்ளவரும் வெளியிலேயே அமர்ந்துவிடுகிறார். வங்கிக்கு இதனால் செலவு மிச்சம் என்பது குறிப்பிடத்தக்கது.

வழியனுப்ப வருவோரை இக்கூடங்களுக்கு அழைத்துச் செல்லவே இயலாது. இந்தியாவில் பயணச்சீட்டு இல்லாதோர் பொதுவாக முனையத்துக்குள் விடப்படுவதில்லை. கூடங்களோ பாதுகாப்புச் சோதனைக்கு அப்பால் உள்ளன.

நடைமுறையில் விருந்தினர் விதியை நம்புவதைவிட, ஒவ்வொருவரும் தத்தம் பெயரிலேயே அட்டை வைத்திருப்பது பயன் தரும். சில வங்கிகள் துணை அட்டைக்கும் தனி நுழைவுரிமை தருகின்றன. சிலவற்றில் அது முதன்மை அட்டையின் எண்ணிக்கையிலேயே கழிக்கப்படும். ஓய்வூதியக் கணக்குக்கு வழங்கப்படும் பற்று அட்டை ரூபே பிளாட்டினம் வகையாக இருப்பின், பலவற்றில் காலாண்டுக்கு ஒரு உள்நாட்டு நுழைவு அளிக்கப்பட்டு வந்துள்ளது. பெற்றோரின் பணப்பையில் அது இருப்பதைப் பிள்ளைகளே அறியாமல் இருப்பதுண்டு. கைக்குழந்தைகளுக்குப் பல கூடங்கள் கட்டணம் பெறுவதில்லை. வயது வரம்பை வாயிலில் கேட்டறிதல் நன்று.

பிற நாடுகளில்

நெரிசல் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் 2023 பிப்ரவரி முதல் அமெரிக்காவில் உள்ள தன் செஞ்சுரியன் கூடங்களில் பிளாட்டினம் அட்டையாளரின் விருந்தினருக்கு 50 டாலர் கட்டணம் விதித்தது. ஆண்டுக்கு 75,000 டாலர் செலவிடுவோருக்கு மட்டும் விலக்கு. டெல்டா ஏர்லைன்ஸ் 2023 செப்டம்பரில் அறிவித்த கடுமையான வரம்புகளுக்கு எதிர்ப்பு எழவே, அடுத்த மாதமே அவற்றில் சிலவற்றைத் தளர்த்திக்கொண்டது. எஞ்சிய வரம்புகள் 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தன.