காசுக்கு வாங்கிய சிபாரிசு

சென்ற ஆண்டு எமது மாதர் சங்கத்தைச் சேர்ந்த ஒன்பது பெண்களுடன் கிளிநொச்சியிலிருந்து சீகிரியாவுக்குப் போயிருந்தேன். அங்குள்ள சிறிய தங்குமிடங்களில் எமது பனையோலைப் பெட்டிகளை விற்க வழியுண்டா என்று பார்ப்பதே நோக்கம். ஒன்பது பேரில் ஆறு பேர் யுத்தத்தில் கணவரை இழந்தவர்கள்.

அந்தப் பயணத்தில் என் கைப்பைக்குள் ஒரு கடிதமும் இருந்தது. எமது பொருட்களுக்கென ஒரு சிறு இணையத்தளம் வைத்திருக்கிறோம். கூகுளில் தேடினால் அது பத்தாம் பக்கத்திலும் தென்படாது. ஒரு மாதத்தில் 300 வேறு தளங்களிலிருந்து எமது தளத்துக்கு 'இணைப்பு' ஏற்படுத்தித் தருவதாகவும், மூன்று மாதத்தில் முதற்பக்கத்துக்கு வருவது உறுதி எனவும் கூறி, ஒரு நிறுவனம் 60,000 ரூபா கேட்டிருந்தது. இணைப்பு என்பது வேறொன்றுமில்லை. ஒரு பக்கத்திலுள்ள சொல்லை அழுத்தினால் இன்னொரு தளம் திறக்குமே, அதுதான். சங்கத்தின் சேமிப்பிலிருந்து பணத்தைக் கொடுப்போம் என்று கூட்டத்தில் வாதாடியவள் நான்தான்.

கோட்டைக்கு ஏறும் வழியில் கண்ணாடிச் சுவர் இருக்கிறது. காசியப்பனின் ஆட்சி (477–495) முடிந்த பின்னர் பல நூற்றாண்டுகளாக அங்கு வந்தவர்கள் அந்தச் சுவரில் பாடல்களைக் கீறிவைத்தார்கள். தொல்லியலாளர் செனரத் பரணவிதான அவற்றில் 685 பாடல்களை வாசித்து 1956 இல் நூலாக வெளியிட்டார். எழுதியவர்களிற் பலர் தமது பெயரையும் ஊரையும் குறித்திருக்கிறார்கள். பெண்களும் எழுதியிருக்கிறார்கள். (இன்று அதில் ஒரு கீறல் போட்டாலும் சட்டப்படி குற்றம். பிள்ளைகளைக் கூட்டிச் செல்வோர் கவனிக்கவும்.) இதைச் சொன்னபோது எம்முடன் வந்த வயதான அம்மா ஒருவர், "அவ்வளவு தூரம் நடந்து வந்த சனம் சும்மா எழுதியிருக்குமே பிள்ளை? பார்த்துப் பிடிச்சபடியாலதானே எழுதியிருக்கு" என்றார்.

கூகுளின் அடிப்படையும் அந்த அம்மா சொன்னதுதான். அதற்கு முந்திய தேடுபொறிகள், ஒரு சொல் பக்கத்தில் எத்தனை தடவை வருகிறது என்பதையே பெரிதும் பார்த்தன. ஒரே சொல்லை நூறு தடவை எழுதியவர் மேலே வந்தார். ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக மாணவர்களான லாரி பேஜும் சேர்ஜி பிரின்னும் 1998 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் வேறு வழியைக் காட்டினார்கள். ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள், கொடுத்தவர்களுக்கு எத்தனை பேர் கொடுத்திருக்கிறார்கள் என்று கணக்குப் பார்ப்பது. சீட்டுப் பிடிக்கும் ஒருத்தியைப் பற்றி விசாரிக்கும்போது, ஊரே நம்பும் ஓர் ஆசிரியை சொல்லும் ஒரு வார்த்தை, முகம் தெரியாத பத்துப் பேரின் பேச்சைவிடப் பெறுமதியானதல்லவா? கூகுள் இன்று வேறு பலவற்றையும் பார்க்கிறது. ஆனாலும் இணைப்பின் மதிப்புப் போய்விடவில்லை.

மதிப்பு வந்தால் சந்தையும் வரும். ஜே.சி. பென்னி என்ற அமெரிக்க வியாபார நிறுவனத்துக்கு, சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களிலிருந்து இணைப்புகள் போடப்பட்டிருந்ததை 2011 பெப்ரவரியில் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை வெளிப்படுத்தியது. தமக்குத் தெரியாமல் நடந்தது என்று நிறுவனம் கூறியது. கூகுளோ அதனைப் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டது. 2012 ஏப்ரலில் 'பென்குவின்' என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து, இப்படியான இணைப்புகளைப் பெருமளவில் பிடிக்கத் தொடங்கியது. பெரிய நிறுவனம் விழுந்தாலும் எழும்பும். எங்களைப் போன்றவர்கள்?

அதற்கான பதில் அன்றிரவு நாங்கள் தங்கிய வீட்டிலேயே இருந்தது. இரண்டு அறைகளை உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் சிங்களப் பெண்மணி ஒருவரின் வீடு அது. இராணுவத்திலிருந்த அவரது கணவர் 2000 ஆம் ஆண்டு ஆனையிறவில் இறந்தவர். ஆனையிறவு என்றதும் எமது பெண்கள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு ஒருவர் எழுந்துபோய் அவருடன் தேங்காய் துருவ உட்கார்ந்தார்.

என் கடிதத்தைப் பற்றிக் கதை வந்தபோது அந்த அக்கா, "நங்கி, நானும் கொடுத்தேன்" என்றார். 2022 நெருக்கடியில் பயணிகள் வராமற்போக, மறு வருடம் நுண்கடன் எடுத்து இதேபோன்ற வேலைக்கு 75,000 ரூபா கட்டியிருக்கிறார். இரண்டு மாதம் தளம் மேலே வந்தது. பிறகு, வீட்டின் பெயரை எழுதித் தேடினாலும் காணவில்லை. வேலை செய்து கொடுத்தவர்கள் தொலைபேசியை எடுப்பதில்லை. கடன்காரர் மட்டும் கிழமைதோறும் தவறாமல் வந்தார்.

எமது தளத்தைப் பார்த்துக்கொள்ளும் தங்கை, அக்காவின் மகளிடம் கடவுச்சொல் இருந்தபடியால், கூகுளின் 'சேர்ச் கொன்சோல்' பகுதியைத் திறந்து பார்த்தாள். அது இலவசம், தளத்தின் உரிமையாளர் எவரும் பார்க்கலாம். செயற்கையான இணைப்புகளுக்காக நடவடிக்கை எடுக்கப்பட்டதாக அங்கே அறிவித்தல் கிடந்தது. அந்த இரண்டு அறை வீட்டுக்குச் சூதாட்டத் தளங்களும் மாத்திரை விற்கும் தளங்களும் சிபாரிசு செய்திருந்தன!

அதைச் சீர்செய்யப் பணம் தேவைப்படவில்லை, பொறுமைதான் தேவைப்பட்டது. இணைப்புகளை நீக்கும்படி அந்தத் தளங்களுக்கு எழுதினோம். பெரும்பாலும் பதிலில்லை. நீக்க முடியாதவற்றைக் கணக்கில் எடுக்கவேண்டாம் என்று ஒரு பட்டியல் கொடுத்தோம். நடந்ததை ஒளிக்காமல் எழுதி மறுபரிசீலனை கேட்டோம். முதலாவது விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, இரண்டாவது ஏற்கப்பட்டது.

ஊர் திரும்பியதும் கூட்டத்தில் நான் சொன்னது பிழை என்று ஒத்துக்கொண்டேன். முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தரமுடியாது என்று கூகுளே எழுதிவைத்திருக்கிறது. அதை முதலிலேயே வாசித்திருக்க வேண்டும். "அப்ப அந்த அறுபதாயிரம்?" என்று ஒருவர் கேட்டார். மழைக்கு முன்னர் குருத்தோலையும் சாயமும் வாங்கினோம்.

பின்னர் எம்மை உண்மையில் அறிந்தவர்களை எண்ணிப் பார்த்தோம். பழைய மாணவியர் விழாவுக்கு 80 பெட்டி வாங்கிய ரொறன்ரோ சங்கம், எமது வேலையை ஆய்வு செய்த பல்கலைக்கழக மாணவி, சீகிரியா அக்கா. எங்கே வாங்கினீர்கள், எதைக் கண்டீர்கள் என்று உங்கள் பக்கத்தில் இரண்டு வரி எழுதி எமது தளத்தைக் குறிப்பிடுங்கள் என்று கேட்டோம். கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது, பெண்களுக்கு இருக்கவில்லை. குருத்தோலையை வெயிலில் காயவிட்டு, வார்ந்து, சாயத்தில் அவித்தெடுக்கும் முறையைப் படங்களுடன் மூன்று மொழியிலும் எமது தளத்தில் போட்டோம். கைப்பணி கற்பிப்பவர்கள் சிலர் நாங்கள் கேட்காமலே அதற்கு இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள். விளம்பரத்துக்குப் பணம் கொடுப்பது குற்றமல்ல. அது விளம்பரம் என்று குறிக்கப்பட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது எமது தளம் மூன்றாம் பக்கத்தில் நிற்கிறது. சீகிரியா வீட்டின் பெயரைத் தேடினால் வீடு கிடைக்கிறது. போன கிழமை அந்த அக்கா இன்னும் 12 பெட்டி கேட்டுத் தகவல் அனுப்பியிருந்தார். அவருக்கு இன்னும் நான்கு தவணைக் கடன் மிச்சம் இருக்கிறது.