லயம் திருத்தும் வேலை: கொந்தரப்பா, செக்றோலா?

மழைக்கு முன் கூரைத் தகரம் மாற்ற வேண்டும், சுவர் பூச வேண்டும் என்று லயங்களில் திருத்த வேலை தொடங்கும்போது ஒரு கேள்வி வரும். வேலையைக் கொந்தரப்புக்குக் கொடுப்பதா, செக்றோலில் பேர் போட்டு ஆட்களை வைத்துச் செய்வதா? "எப்படிச் செய்தால் என்ன, வீடு சரியானால் போதும்" என்பார்கள் பலர். நாங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தோம்.

ஒரு டிவிஷனில் நடந்ததைச் சொல்கிறோம். கொந்தரப்பு எடுத்த பாஸ், லயத்துப் பொடியன் ஒருவனைக் கையாளாகச் சேர்த்துக்கொண்டார். கூரையிலிருந்து விழுந்து அவன் கால் முறிந்தது. "ஆபீசில் கேளுங்கள்" என்றார் பாஸ். ஆபீசிலோ "செக்றோலில் பேர் இல்லையே" என்றார்கள். அவன் வேலை செய்ததற்கு ஒரு துண்டுக் கடுதாசிகூட இல்லை. அம்மாவின் கொழுந்துச் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பெரிந்தது.

வித்தியாசம் இதுதான். கொந்தரப்புக்காரர் முடித்த வேலைக்கு விலை பேசுகிறார். ஆயுதம் அவருடையது, லாப நட்டமும் அவருடையது. வேலையாளோ சொன்ன நேரத்துக்கு வந்து, சொன்ன வேலையைச் செய்து, நாட்சம்பளம் வாங்குகிறார். வேலையாளுக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் அவர் 8 வீதமும் கட்ட வேண்டும். 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி நம்பிக்கை நிதிக்கு முதலாளி மேலும் 3 வீதம் கட்ட வேண்டும். ஒரு பேச்சுக்கு, மாதச் சம்பளம் 30,000 ரூபா என்றால் முதலாளி மேலதிகமாகக் கட்டுவது 4,500 ரூபா. கொந்தரப்பு மலிவாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. பாஸிடம் கூலிக்கு நிற்பவரும் வேலையாள்தான். அவருக்கு முதலாளி அந்தப் பாஸ். தற்காலிகம், நாட்கூலி என்று சொல்லிச் சேமலாப நிதியைத் தட்டிக்கழிக்க முடியாது. வேலையில் காயப்பட்டால் 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி நட்டஈடும் கேட்கலாம்.

ஆகவே, வயரிங் போன்ற சின்ன வேலையைத் தெரிந்த ஒருவருக்குக் கொந்தரப்பாகக் கொடுக்கலாம். பல கைகள் மாதக்கணக்கில் நிற்கும் வேலைக்குச் செக்றோலே நல்லது. கொந்தரப்பு என்றால் வேலை, விலை, முடிக்கும் நாள், காயப்பட்டால் யார் பொறுப்பு என்பதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கடைசிப் பங்குப் பணத்தை, ஒரு மழை பெய்து கூரை ஒழுகவில்லை என்று கண்ட பிறகு கொடுங்கள்.

கூலிக்குப் போகும் பிள்ளைகளே, போன நாளையும் வாங்கிய காசையும் ஒரு கொப்பியில் அன்றன்றே எழுதுங்கள். கூரையில் ஏறுமுன், இன்று நமக்கு முதலாளி யார் என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.